டெல்டாவில் ஒரு டெஸ்க்டாப்புக்கு டிஸ்க் மாற்றுவது: ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா, இரண்டுமா?

சிஸ்டம் ஆன் ஆகப் பத்து நிமிஷம், கணக்கு மென்பொருளான டேலி திறக்க இன்னும் அஞ்சு நிமிஷம், நடுவில் ஹேங் ஆகி நிற்கிறது. இந்தப் புகாரோடு வரும் டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் குறை ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரத்தில் உரக்கடை, ஜெராக்ஸ் கடை, ரைஸ் மில் ஆபீஸ், போட்டோ ஸ்டூடியோ என்று எங்கே போனாலும் எட்டு, பத்து வருஷம் ஓடிய டெஸ்க்டாப் ஒன்று மூலையில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. டிஸ்க்கை மட்டும் மாற்றினால் இன்னும் சில வருஷம் நன்றாகவே ஓடும். எந்த டிஸ்க் போடுவது என்பதில்தான் குழப்பம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு 500 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலை வைக்கும், ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா கேபிளில் செருகும் டிஸ்க். போட்டோ, வீடியோ, பழைய கணக்கு என்று நிறைய சேர்ந்திருந்தால் கூடவே ஒரு புது ஹார்ட் டிஸ்க். என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை, மதர்போர்டில் அதற்கான இடம் இருந்தால் மட்டும். பழைய டிஸ்க்கைக் கழற்றி விற்கும் செகண்ட் ஹாண்ட் டிஸ்க் எந்த விலைக்கும் வேண்டாம். மிச்சமாகும் காசில் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கடைக்குப் போவதற்கு முன், டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிட வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. திறந்தவுடன் டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தில் காட்டும்: நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் முடிந்தது. அதன் கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (தகவல் எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள்). சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் நிற்கும் செக்டர்கள். சி6 என்பது கடைசிவரை சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றில் எதிலாவது பூஜ்யம் தவிர வேறு எண் இருந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டும் போனால் டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். நான்காவது சி7. இது டிஸ்க்கைப் பற்றியதே இல்லை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் போகும் கேபிளில் வந்த கோளாறுகளின் கணக்கு. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறினால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நம் ஊரில் இந்தக் கேபிள் விஷயம் சாதாரணமானது இல்லை. மில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சிபியுவைத் திறந்தால் உமித்தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எறும்பு ஈரத்துக்கு ஒதுங்கி உள்ளே வந்து, எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பக்கத்துச் சூட்டில் முட்டை வைத்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்று; சாட்டா கனெக்டரின் உலோக முனைகள் மங்கிக் கறுத்திருக்கும். கேபிளைக் கழற்றி, சுத்தம் செய்து, போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் மாற்றிச் செருகியதும் சரியாகிவிட்ட சிஸ்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐம்பது, நூறு ரூபாய் கேபிளுக்குப் பதில் டிஸ்க்கே மாற்றுவது வீண் செலவு.

சரி, டிஸ்க்தான் கெட்டிருக்கிறது என்று உறுதியானால் அடுத்த வேலை புதுசு வாங்குவது இல்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. டிஸ்க் இன்னும் திறக்கிறது என்றால், எது போனால் திரும்ப வராதோ அதை முதலில் காப்பி செய்யுங்கள்: கணக்கு ஃபைல்கள், குடும்ப போட்டோக்கள், டாக்குமெண்டுகள். டவுன்லோடு செய்த சினிமா கடைசியில். இந்த நிலையில் விண்டோஸில் உள்ள செக் டிஸ்க் என்ற சோதனையை ஓடவிடாதீர்கள். அது பழுதான இடங்களையே மறுபடி மறுபடி படிக்கப் பார்த்து, மிச்சம் இருக்கும் உயிரையும் எடுத்துவிடும். காப்பி நடுவில் நின்று நின்று போனால் லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ நல்ல கருவி. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும்.

டிஸ்க் உள்ளிருந்து சீரான இடைவெளியில் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிக்கும் ஹெட் தன் இடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்பத் துவங்கும் சத்தம் அது. ஓடவிடும் ஒவ்வொரு நிமிஷமும் தட்டின் மேல் கீறல் விழலாம். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் கரண்டை எடுத்துவிட்டு, தூசியில்லா அறை வசதி உள்ள டேட்டா ரெகவரி ஆட்களிடம் சென்னையிலோ வேறு நகரிலோ கொடுக்க வேண்டும். செலவு அதிகம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும், மூடியைத் திறந்து ஹெட்டைத் தள்ளிவிட்டால் சரியாகும் என்று வீடியோ பார்த்து முயற்சி செய்பவர்கள் இருக்கிறார்கள். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே சில நானோமீட்டர்தான் இடைவெளி. திறந்த அறையில் ஒரு தூசி விழுந்தாலே போதும், கதை முடிந்தது.

இனி என்ன வாங்குவது என்பதற்கு வருவோம்.

புது ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸுக்குப் போடுவது என்பது இன்று நான் யாருக்கும் சொல்லாத யோசனை. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட் ஆகும். தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரக் காத்திருக்கும் நேரம், ஹெட் நகரும் நேரம் எல்லாம் சேர்த்து, செகண்டுக்கு நூறு, நூற்றைம்பது சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதே அதற்குப் பெரிய வேலை. விண்டோஸ் 10 வந்த பிறகு பின்னணியில் ஓடும் அப்டேட், ஆன்ட்டிவைரஸ், இன்டெக்ஸ் எல்லாமே ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை ஒரே நேரத்தில் கேட்கின்றன. கொள்முதல் நிலையத்தில் வரிசையாக வண்டி நிற்க, எடை போட ஒரே ஒரு ஆள் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவந்து நிற்பது இதனால்தான். எஸ்எஸ்டியில் சுற்றுவது, நகர்வது எதுவும் இல்லை. அதே வேலையில் செகண்டுக்குப் பல்லாயிரம் என்ற கணக்கு. அதனால் பழைய சிஸ்டத்தில் எஸ்எஸ்டி போட்டால் வரும் வித்தியாசம், புராசஸர் மாற்றினால்கூட வராது.

ஆனால் நிறையச் சேர்த்து வைக்க ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் மலிவு. ஒரு டிபிக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால் எஸ்எஸ்டி எட்டவே முடியாது. கல்யாண சீசன் முழுக்க எடுத்த படங்களை வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்கு 4 டிபி எஸ்எஸ்டி வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா என்று. எஸ்எம்ஆரில் கூரை ஓடு அடுக்குவதைப் போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி நிற்கும். இடம் மிச்சமாகும், ஆனால் ஒன்றைத் திருத்தி எழுதப் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால் பெரிய காப்பி ஒன்று நடக்கும்போது வேகம் பாதியில் படுத்துவிடும். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே நிற்கும். வெளியில் சொல்லாமலே இந்த வகையை விற்கிறார்கள் என்று 2020-ல் உலகம் முழுக்கச் சர்ச்சையானது. அதன் பிறகுதான் எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலைத் தயாரிப்பாளர்கள் தங்கள் இணையதளத்தில் போட்டார்கள். எழுதி வைத்துவிட்டு எப்போதாவது பார்க்க எஸ்எம்ஆர் போதும். தினம் எடிட்டிங் நடக்கும் டிஸ்க் சிஎம்ஆராக இருக்கட்டும்.

2 டிபிக்கு மேல் வாங்குபவர்கள் அதை ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையில் பிரிக்க வேண்டும். பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேலே உள்ள இடம் கண்ணுக்கே தெரியாது.

அடுத்து சாட்டா எஸ்எஸ்டி. டெல்டாவில் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்புகளுக்குப் பெரும்பாலும் பொருத்தம் இதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வரும் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்புகளானாலும், உள்ளூரில் அசெம்பிள் செய்ததானாலும், இன்டெல் நான்காம் தலைமுறை வரை எம்.2 சாக்கெட், அதாவது எஸ்எஸ்டியை நேராக போர்டிலேயே செருகும் இடம், இருப்பது அபூர்வம். சாட்டா போர்ட் எல்லாவற்றிலும் உண்டு. எச்61 என்ற பழைய இன்டெல் வகை போர்டு இன்னும் எத்தனையோ கடைகளில் ஓடுகிறது. அதில் பழைய சாட்டா 2 தான், செகண்டுக்கு 270 எம்பி அளவுதான் போகும். சாட்டா 3 என்றால் 550 எம்பி. "பாதி வேகம்தானா, அப்படியென்றால் வேஸ்ட்டா?" என்று கேட்பார்கள். வேஸ்ட் இல்லை. அன்றாட வேலையில் வேகத்தைத் தருவது சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கும் திறன். அது சாட்டா 2-லும் குறையாமல் கிடைக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்கில்) சாட்டா மோடு ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டுத்தான் விண்டோஸ் போட வேண்டும்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு எஸ்எஸ்டிக்கும் எவ்வளவு எழுதலாம் என்று ஓர் அளவு போட்டிருப்பார்கள். நல்ல பிராண்ட் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில் அது 180 டிபி, 300 டிபி என்று இருக்கும். குறைந்த கணக்காக 180 டிபியையே எடுத்துக்கொள்வோம். கடையில் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுவதே அதிகம். அப்படியே எழுதினாலும் 9,000 நாள், அதாவது 24 வருஷத்துக்கு மேல். அதற்குள் அந்த போர்டு இருக்காது. பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகி, மெதுவாகி, நாள் கொடுத்துப் போகும். எஸ்எஸ்டி போனால் நேற்று வரை நன்றாக இருந்து இன்று காலை பயாஸிலேயே தெரியாமல் போய்விடும். அதற்குப் பிறகு எடுக்கவும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் எஸ்எஸ்டி போட்ட அன்றே பேக்கப்புக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். பின்னால் பார்க்கலாம் என்று விடுவதற்கில்லை.

என்விஎம்இ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்டில் எம்.2 இருந்து, அது என்விஎம்இயிலிருந்து பூட் ஆகும் என்றால் தாராளமாகப் போடுங்கள், விலையில் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. எம்.2 இருந்தாலும் சில போர்டுகளில் அது சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும், போர்டின் மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.2 இல்லாத பழைய போர்டில் அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்இ செருகுவது, பூட் ஆக வைக்கக் குட்டிக்கரணம் போடுவது எல்லாம் தேவையில்லாத தலைவலி. டேலியும் எக்செலும் பிரிண்டும் ஓடும் கடையில் 550 எம்பிக்கும் 3,500 எம்பிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வீடியோ எடிட்டிங்கில் தெரியும்.

செகண்ட் ஹாண்ட் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "இம்போர்ட்டட், ஒரு வருஷம் கடை வாரண்டி" என்று மலிவாகக் கொடுப்பவற்றில் பல, சிசிடிவி பதிவுப் பெட்டியான டிவிஆரில் இரவு பகலாக ஓடிக் கழற்றியவை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பவர் ஆன் ஹவர்ஸ் என்ற வரியைப் பார்த்தால் சிலவற்றில் 30,000, 40,000 மணி நேரம் என்று இருக்கும். 40,000 என்றால் நிறுத்தாமல் நாலரை வருஷம். சிலவற்றில் அந்த எண்ணையே அழித்துப் பூஜ்யமாக்கி விற்கிறார்கள். சேமிக்கும் சில நூறு ரூபாய்க்காக ஒரு குடும்பத்தின் போட்டோக்களை அதில் வைப்பது நியாயமே இல்லை.

இந்த ஊருக்கென்றே உள்ள கணக்கு ஒன்று இருக்கிறது: கரண்டும் வெயிலும். மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டுமே எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதைத் தாங்காது. சாதாரண எஸ்எஸ்டியில் கரண்ட் போனபின் மிச்சத்தை எழுதி முடிக்கப் போதுமான கெபாசிட்டர்கள் கிடையாது, அது சர்வர் வகைகளில்தான் உண்டு. அதனால் யுபிஎஸ் கட்டாயம். எல்லாக் கடையிலும் யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் பாதிக் கடைகளில் அதன் பேட்டரி செத்துப்போய் வெறும் ப்ளக் பாயிண்டாக நிற்கிறது. 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதை மட்டும் மாற்றினால் போதும். மிச்சமாகும் காசில் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள் என்று முதலிலேயே நான் சொன்னது இதனால்தான்.

வெயில் விஷயம் பலருக்குத் தெரியாது. எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாக வைத்திருக்கிறது. கரண்ட் இல்லாமல் அலமாரியில் கிடந்தால், அதுவும் சூட்டில் கிடந்தால், அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் அளவு முழுக்கத் தேய்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரியில் கரண்ட் இல்லாமல் ஒரு வருஷம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்ற தர அமைப்பின் அளவுகோல். சித்திரை, வைகாசியில் நம் அறைகள் 30-ல் நிற்பதில்லை. புது எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் தாங்கும். என்றாலும் "காப்பி எடுத்து எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்" என்பது நம்பகமான பேக்கப் இல்லை. பீரோவில் வைக்க ஹார்ட் டிஸ்க் மேல். பாலிதீன் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, ஆறு மாசத்துக்கு ஒரு முறை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

அந்த பீரோவும் சிபியு இருக்கும் அதே கட்டடத்தில் இருக்கக் கூடாது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது ஓடு பறந்து, மழை நேராக மேஜைமேல் கொட்டியதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரும் பக்கத்தில் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்தன. ஒரு காப்பி தங்கை வீட்டிலோ திருச்சியில் இருக்கும் பையனிடமோ இருக்கட்டும். முக்கியமான கணக்கு ஃபைல்களை மட்டுமாவது ஆன்லைனிலும் ஏற்றிவிடுங்கள்.

டிஸ்க் வாங்கியாயிற்று. பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே நகலெடுப்பதா, அதாவது கிளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் போடுவதா? பழைய டிஸ்க் நலமாக இருந்து, மெதுவாக மட்டும் இருந்தால் கிளோன் நல்லது. சாம்சங், டபிள்யூடி, குரூஷியல் போன்றவர்கள் தங்கள் எஸ்எஸ்டிக்கென்று கிளோன் மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள், குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. கிளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து முதல் முறை பூட் செய்யுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும். பழைய டிஸ்க் மஞ்சளோ சிவப்போ காட்டியிருந்தால், அல்லது பல வருஷக் குப்பையும் வைரஸும் சேர்ந்திருந்தால், புதிதாகப் போடுவதே சுத்தம். விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமோ என்று கவலை வேண்டாம். விண்டோஸ் 10, 11-ல் அது போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும் அதே எடிஷனைப் போட்டு நெட்டில் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

புதிதாகப் போடுபவர்கள் மறந்துவிட்டுப் பிறகு அலைவது சில உண்டு. டேலி லைசென்ஸைப் பழைய டிஸ்க்கிலேயே சரண்டர் செய்துவிடுங்கள், புதியதில் ஆக்டிவேட் செய்யச் சிக்கல் வராது. டேலியின் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்து அந்த இடத்தையே காப்பி செய்யுங்கள். அச்சகம், டிடிபி, பத்திரிகை அடிக்கும் கடை என்றால் ஃபாண்ட். பாமினி, டாம், டாப் என்று யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டுகளில் அடித்த கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம், அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் வெறும் கிறுக்கலாகத்தான் திறக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைரேகைக் கருவி, பழைய பிரிண்டர் இவற்றின் டிரைவர்களையும் முன்னாலேயே தேடி வையுங்கள்.

எந்த விண்டோஸ் என்றும் இந்த நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நான்காம் தலைமுறை சிஸ்டத்தில் நெட் பேங்கிங் செய்பவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். பிரவுசரும் லெட்டரும் மட்டும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். எஸ்எஸ்டியில் அருமையாக ஓடுகிறது. டேலி வேண்டும் என்றால் அது சரிப்படாது. ராம் 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் சிபியு திறந்திருக்கும்போதே 8 ஆக்கிவிடுங்கள்.

ஆக, உரக்கடைக்கும் வீட்டுக்கும் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் என்றால் 256 ஜிபியே போதும். ஸ்டூடியோவுக்கு எஸ்எஸ்டியும், 4 டிபி சிஎம்ஆர் ஹார்ட் டிஸ்க் இரண்டும்: ஒன்று உள்ளே, அதன் காப்பியாக இன்னொன்று வெளியே. சிசிடிவி பதிவுக்கு எஸ்எஸ்டி வேண்டாம், அதற்கென்றே வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற ஹார்ட் டிஸ்க்தான் சரி. வாங்கும்போது பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி, அதே எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு வாரண்டி இந்தியாவுக்குத்தானா, எந்தத் தேதி வரை என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். புதியதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரியும் வரை, இரண்டு மூன்று மாசம், தேதி எழுதி ஒட்டி அப்படியே வையுங்கள். விடுபட்ட ஃபைல் ஒன்று கட்டாயம் ஞாபகம் வரும். அதற்குப் பிறகும் வெளியே போகும் முன் அழிக்க வேண்டும். ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் என்றால் ஊரில் பாதிப் பேரின் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் ஸ்கேன் அதில் கிடக்கும். குயிக் ஃபார்மட் எதையும் அழிப்பதில்லை. ஓடும் ஹார்ட் டிஸ்க் என்றால் குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போடுங்கள், சில மணி நேரம் ஆகும், ஆனால் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதிவிடும். ஓடாத டிஸ்க் என்றால் லேத் பட்டறையில் கொடுத்து, தட்டு வரை இறங்கும்படி மூன்று நான்கு ஓட்டை போட்ட பிறகே பழைய இரும்புக் கடைக்கு அனுப்புங்கள்.